கடல்வேலியின் வாசல்

நசீஹாவின் வேலியில் ஓர் ஓட்டை இருப்பது கெர்கென்னாத் தீவில் மீன்களுக்குக்கூடத் தெரியும். மீன்களுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று அவள் கொழுந்தன் ஃபர்ஹாத் சொல்வான்.

"மத்தவங்க வேலிக்குள்ள போன மீனெல்லாம் கூடையில கிடக்குது அண்ணி. நம்ம வேலிக்கு வர்றது மட்டும் உள்ள வந்து, சுத்திப் பாத்துட்டு, சலாம் சொல்லிட்டு வெளிய போகுது."

"போகட்டும். அதுக்கும் குடும்பம் இருக்கும்ல," என்பாள் நசீஹா, வலையிலிருந்து கையை எடுக்காமல்.

அத்தாயா கிராமத்தில் கடலுக்குப் பத்திரம் உண்டு. நிலத்துக்கு எல்லை இருப்பதுபோல் தண்ணீருக்கும் எல்லை இருக்கிறது. எந்தக் கல்லிலிருந்து எந்த மேடு வரை யாருடைய கடல் என்று பழைய அரசர்களின் முத்திரை குத்திய தாள்கள் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன. கரையில் இருக்கும் ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு நம் மீனைத்தான் வாங்கிக்கொண்டு போவார்கள். இலையுதிர்காலம் வந்ததும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, ஈச்ச ஓலைகளை மணலில் வரிசையாக ஊன்றி நீண்ட வேலி கட்டுவோம். தண்ணீர் வற்றும்போது மீன் வேலியை ஒட்டியே நீந்தி, கோடியில் இருக்கும் அறைக்குள் போய்ச் சேரும். அதற்கு வேறு வழி இல்லை, நசீஹாவின் வேலியைத் தவிர.

அவள் வேலியில் கிழக்குப் பக்கம், திறந்த கடலைப் பார்த்தபடி, ஒரு படகு நுழையும் அளவுக்கு வாசல் விட்டிருந்தது. எல்லா வேலியிலும் நடும் காலத்தில் அப்படி ஒரு வாசல் இருக்கும். வேலை முடிந்து கடைசியாக உள்ளே வரும் வீட்டு ஆண், தன் கையால் அதை ஓலை வைத்துக் கட்டுவான். வீட்டு ஆள் வெளியே இருக்கும்வரை வாசலைக் கட்டக் கூடாது. இது எந்தச் சட்டத்திலும் இல்லை, வழக்கம். மீறினால் அபராதம் கிடையாது, ஊர் பேசும். அதைவிடப் பெரிய அபராதம் எங்கே இருக்கிறது?

நசீஹாவின் கணவன் தாஹர் வெளியே போய் எட்டு வருடம் ஆகியிருந்தது.

அந்த வருடங்களில் இழுவைப்படகுகள் கரைக்கு நெருக்கமாக வந்து கடலடிப் புல்லையே வழித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. இரண்டு பருவம் தாஹரின் வேலியில் ஓலைதான் மிஞ்சியது. ஓர் அக்டோபர் மதியம் அவன் தன் நீலப் படகில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு பிழைப்புத் தேடி, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் லம்பெதூசாத் தீவுக்குக் கிளம்பினான். நசீஹா அன்று வேலியருகே தண்ணீரில் நின்று கயிறு முடிந்துகொண்டிருந்தாள். கோபத்தில் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாசலைக் கட்டிடாத, நசீ. அடுத்த ஓலை நடுறதுக்குள்ள வந்துருவேன். நானே கட்டுறேன்."

"போறவனுக்கு வாசல் பத்தி என்ன கவலை? போறதுன்னா போ."

அவன் எப்போதும்போல் படகைத் திருப்பும்போது வாசலின் ஓரத்தில் இடித்து, இரண்டு ஓலையை முறித்துவிட்டுப் போனான். பதினைந்து வருடம் படகு ஓட்டியும் அந்தத் திருப்பம் அவனுக்கு வரவே இல்லை. அவள் திட்டிக்கொண்டே அந்த ஓலைகளை நிமிர்த்தினாள். நிமிர்ந்து பார்ப்பதற்குள் படகு தூரத்தில் இருந்தது. அந்த ஒரு நிமிடத்தைத்தான் அவள் இன்றுவரை திருப்பித் தரும்படி யாரிடமாவது கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் விடியும்போது ஒரு போன் வந்தது. இயந்திரம் நின்றுவிட்டது என்றான், இருக்கும் இடத்தின் எண்களைச் சொன்னான், பேச்சு அறுந்தது. அந்த எண்களை அவள் சமையலறைச் சுவரில் கரியால் எழுதினாள். பிறகு அலுவலகம் அலுவலகமாக ஏறினாள். ஓர் இடத்தில் வரைபடத்தை விரித்து ஒரு கோட்டைக் காட்டி, இந்த எண் கோட்டுக்கு அந்தப் பக்கம், அவர்கள்தான் தேட வேண்டும் என்றார்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் இன்னொரு கோட்டைக் காட்டினார்கள். உலகத்துக் கடலையெல்லாம் கோடு போட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மீனுக்கு, எண்ணெய்க்கு, கப்பலுக்கு, எல்லாவற்றுக்கும் சொந்தக்காரன் இருக்கிறான். படகு நின்றுபோன ஆறு பேருக்கு மட்டும் ஒரு கோடும் இல்லை. எனக்கு இதைச் சொல்லும்போதே வாய் கசக்கிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆறு பேரில் ஒருவர் உடலும் கரை சேரவில்லை. மற்ற ஐந்து வீடுகளிலும் நாளாவட்டத்தில் இறந்தவர்களுக்காக ஓதி முடித்துவிட்டார்கள். நசீஹா ஓதவிடவில்லை. ஒவ்வொரு பருவத்திலும் கிடைக்கும் முதல் ஆக்டோபஸை அவனுக்கென்று வெயிலில் உலர்த்திக் கயிற்றில் தொங்கவிடுவாள். ஒவ்வொரு பருவத்திலும் வேலி நடுவாள், வாசலை விட்டுவிடுவாள்.

அந்த நவம்பரில்தான் சிரீன் வந்தாள். தலைநகரிலிருந்து, கடல் எல்லை அளக்கும் அதிகாரி. முப்பது வயதிருக்கும். காலில் நகரத்துச் சப்பாத்து, தோளில் ஒரு கருவிப் பெட்டி, படகில் வந்த வாந்தி மயக்கம் இன்னும் முகத்தில். மீனவர் சங்கத்து அறையில் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்தாள்.

"நம்ம நாட்டுக் கடல் எங்க ஆரம்பிக்குதுன்னு சட்டத்துல எழுதியிருக்கு. மத்த இடத்துல கரையிலேருந்து அளப்பாங்க. இங்க மட்டும், உங்க வேலிங்க நிக்குதுல்ல, அதோட வெளி ஓரத்துலேருந்து அளக்கணும். ஒவ்வொரு வேலியையும் அளந்து, எண் போட்டு, நியூயார்க்குல ஐ.நா. சபைக்கு அனுப்பப் போறோம்."

"நியூயார்க்குல ஈச்ச ஓலையை என்ன பண்ணுவாங்க? கூரை போடுவாங்களா?" என்றான் ஃபர்ஹாத். அறை சிரித்தது.

"சிரிக்காதீங்கண்ணே. கோடு எங்க விழுதோ அங்கேருந்துதான் இழுவைப்படகு எவ்வளவு தூரம் தள்ளி நிக்கணும்னு கணக்கு. கோடு உள்ள வந்தா அவனும் உள்ள வருவான்."

சிரிப்பு நின்றது. சங்கத் தலைவர் ஷத்லி ஜபமாலையை உருட்டிக்கொண்டே கேட்டார். "வேலியில இடைவெளி இருந்தா?"

அவர் நசீஹாவைப் பார்க்காமல்தான் கேட்டார். மற்ற எல்லோரும் பார்த்தார்கள்.

"மூணு மீட்டருக்கு மேல இருந்தா, வேலி அங்கயே முடிஞ்சதா எடுத்துக்குவோம். அதுக்கு வெளிய இருக்கிறது கணக்குல வராது," என்றாள் சிரீன்.

நசீஹாவின் வேலிதான் கிழக்கில் கடைசி. அவள் வேலி கணக்கில் வராவிட்டால் கோடு ஏறக்குறைய ஒரு மைல் உள்ளே விழும். பக்கத்து ஏழு குடும்பங்களின் வேலிகள் இழுவைப்படகுகளின் வாயருகே நிற்கும்.

மறுநாள் அளக்கப் போனபோது நசீஹா சிரீனைத் தன் படகில் ஏற்றிக்கொண்டாள். தான் அங்கே இல்லாமல் யாராவது அந்த வாசலை அளப்பதை அவளால் தாங்க முடியாது. கடல் அன்று தட்டுபோல் கிடந்தது. சிரீன் பழைய பத்திரத்தை மடியில் விரித்து, அதில் எழுதிய அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"ஹ்மீதா கல். இந்த ஹ்மீதாங்கிறவர் எங்க இருக்காரு? சாட்சிக் கையெழுத்து வாங்கிடலாம்."

நசீஹாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாங்கலாம். மண்வெட்டி எடுத்துட்டு வா."

"ஐயோ. அப்ப இந்த சாலிம் மேடு?"

"அவரும்தான். இந்தக் கல்லுல படகு மோதிச் செத்தாரு ஹ்மீதா. சாலிம் நண்டு பிடிக்கப் போய் அந்த மேட்டுல நெஞ்சு அடைச்சு விழுந்தாரு. இங்க கடல்ல இருக்கிற பேரெல்லாம் செத்தவங்க பேருதான். உயிரோட இருக்கிறவன் பேரைக் கடல்ல வைக்க மாட்டோம். சின்ன வயசுல நான் ஒரு பாறைக்கு விளையாட்டா ஃபர்ஹாத் பாறைன்னு பேர் வெச்சேன். எங்கம்மா அறைஞ்ச அறையில ரெண்டு நாள் காது கேக்கல."

"ஏன்?"

"கடல் பேரைக் கேட்டுப் பழகிட்டா, ஆளைக் கேக்குமாம்."

சிரீன் அதைக்கூடக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எழுதுகிற பெண்களை நசீஹாவுக்குப் பிடிக்கும். அவள் எழுதி வைத்தது சுவரில் நாலு எண்கள்தான்.

வாசலுக்கு வந்தார்கள். வற்றும் நீர் அதன் வழியே சலசலத்து வெளியே ஓடியது. சிரீன் தண்ணீரில் இறங்கிக் கருவியை இந்தப் பக்கம் வைத்தாள், அந்தப் பக்கம் வைத்தாள். "நாலரை மீட்டர்," என்றாள், குற்றவாளிபோல. கொஞ்ச நேரம் ஓலையைத் தடவிக்கொண்டு நின்றாள். "ஊர்ல சொன்னாங்கக்கா. உங்க வீட்டுக்காரர் பத்தி."

"என்ன சொன்னாங்க?"

சிரீன் கருவியின் திரையைத் துடைக்கத் தொடங்கினாள்.

"அந்தக் கருவியில எண்ணைப் போட்டா இடம் காட்டுமா?" என்று கேட்டாள் நசீஹா. சுவரைப் பார்க்காமலே நாலு எண்களையும் சொன்னாள். சிரீன் தட்டினாள். திரையில் வெறும் நீலம். அதில் ஒரு சிறு சிவப்புப் புள்ளி.

"இங்கேருந்து தூரமா?"

"தூரந்தான்க்கா."

"கையால காட்டு. எந்தப் பக்கம்?"

சிரீன் கையை நீட்டினாள். நசீஹா அந்த விரல் போன திசையில் பார்த்தாள். எட்டு வருடமாக அவள் கொஞ்சம் தெற்கே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு அவன் வேண்டும். இரங்கல் வேண்டாம், மறுமை வேண்டாம், அவன் வேண்டும், ஓலையை முறித்துக்கொண்டு வந்து, திட்டு வாங்கிக்கொண்டு, ஈரக் காலோடு வீட்டுக்குள் நடக்க வேண்டும்.

அளவெடுப்பு முடிய இரண்டு நாள் இருந்தது. அதற்குள் வாசலைக் கட்டினால் வேலி முழு வேலியாகப் பதிவாகும்.

ஊர் அவளை வற்புறுத்தவில்லை. அதுதான் கொடுமை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள், அந்தக் கலையில் அவளுக்கு ஈடு அத்தாயாவில் இல்லை. பக்கத்து வேலிக்காரி வந்து பார்லிக் கஞ்சி கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனாள். ஷத்லி தெருவில் பார்த்து, "உடம்பு நல்லாருக்கா?" என்று மட்டும் கேட்டார். ஃபர்ஹாத்தான் படகு நிறைய ஓலையோடு அவள் வீட்டருகே கரையில் வந்து நின்றான்.

"வா அண்ணி. ஒரு மணி நேர வேலை."

"நீ போ."

"எட்டு வருசம், அண்ணி. பாதி மீன் போச்சு, நான் ஏதாவது சொன்னேனா?"

"தினமும் சொன்ன."

"சரி, சொன்னேன். ஆனா கட்டினேனா? இப்ப நம்ம மீன் மட்டுமில்ல, ஏழு வீட்டுச் சோறு. அண்ணன் செத்துட்டான். ஊருக்கே தெரியும். உனக்கும் தெரியும்."

"செத்தவன் வீட்டு ஓலையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு," என்றாள். அவன் கிளம்பவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு படகிலேயே உட்கார்ந்திருந்தான். கடைசியில் அவள்தான் ஏறினாள். ஏழு வீட்டுப் பிள்ளைகளின் முகமும் அவளுக்குத் தெரியும்.

"நீ இறங்காத. நானே கட்டுறேன்," என்றாள், வாசலுக்கு வந்ததும்.

தண்ணீர் சில்லென்று இடுப்பைப் பிடித்தது. முதல் ஓலையை ஊன்றினாள். மணலில் அழுத்தி, பக்கத்து ஓலையோடு சேர்த்துக் கட்டினாள். இரண்டாவதை ஊன்றினாள். மூன்றாவதைக் கையில் எடுத்தபோது, இதுவரை வாசல் வழியே ஓடிய நீர் அந்த இரண்டு ஓலையில் மோதித் திரும்பும் சத்தம் கேட்டது. எட்டு வருடத்தில் அவள் கேட்காத சத்தம். வந்தவனைக் கதவைச் சாத்தித் திருப்பி அனுப்பியதுபோல் இருந்தது. அடுத்த கணம் இரண்டு ஓலையையும் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடைவெளியில் கைகளை அகல விரித்துக்கொண்டு நின்றாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. இருந்தும் அப்படியே நின்றாள்.

"என்னால முடியல, ஃபர்ஹாத்து. ஏழு வீட்டுக்காரங்க காலுலயும் விழறேன். என்னால முடியல."

ஃபர்ஹாத் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மிதந்து போன ஓலைகளைத் துடுப்பால் இழுத்துப் படகில் போட்டான். வீடு வரும்வரை அவன் வாயிலிருந்து ஒரு கிண்டலும் வரவில்லை.

மறுநாள் காலை சிரீன் ஓடிவந்தாள். நிஜமாகவே ஓடிவந்தாள், மணலில் சப்பாத்துப் புதைய. எல்லோரையும் சங்கத்து அறைக்கு வரச்சொன்னாள். விதிப் புத்தகத்தின் பின்னிணைப்பில் ஒரு வரி இருந்ததாம். படகு வழி என்று பதிவு செய்த இடைவெளி வேலியை முறிக்காது. எவ்வளவு அகலமானாலும் சரி.

"கட்ட வேண்டாம்க்கா! கட்டவே கூடாது. பதிவாயிட்டா அதை யாரும் அடைக்க முடியாது, நம்ம அரசாங்கமே நெனச்சாலும் முடியாது. உலகம் பூராவும் அந்த வரைபடத்துல அது வழியாத்தான் இருக்கும்."

ஷத்லி, "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். பக்கத்து வேலிக்காரி நசீஹாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஃபர்ஹாத், "அப்ப மீனெல்லாம் இனிமே சர்க்கார் அனுமதியோட தப்பிக்கலாம்," என்றான். அவன் பழையபடி ஆனதில் அவளுக்கு நிம்மதி.

"வழிக்கு ஒரு பேர் வேணும், பேரில்லாம பதியாது. நான் எழுதிட்டேன், படிக்கிறேன், சரியா பாருங்க," என்று சிரீன் கணினித் திரையைப் பார்த்து உரக்கப் படித்தாள். "கிழக்கு வேலி, எண் நாப்பத்தொண்ணு. நாலரை மீட்டர். படகு வழி. பேர், தாஹர் வழி."

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். அறையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ஷத்லியின் ஜபமாலை பாதியில் நின்றது. எட்டு வருடமாக அண்ணன் செத்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்த ஃபர்ஹாத், அதைப் பதிவிலிருந்து படிக்கக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டான்.

சிரீனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்கதானேக்கா சொன்னீங்க, செத்தவங்க பேரைத்தான் கடல்ல வைப்போம்னு... உங்க வழக்கப்படிதானே..."

பாவம், அவள் மேல் என்ன தப்பு! நன்றாகக் கேட்டு, நன்றாக எழுதிக்கொண்டு, மரியாதையாகத்தான் செய்தாள்.

"அவன் செத்தான்னு நான் சொன்னேனா, அம்மாடி?" என்று கேட்டாள் நசீஹா. குரலில் கோபமில்லை. "அழிச்சிடு."

"அழிக்கிறேன்க்கா. ஆனா அந்த இடம் காலியா இருந்தா ஏத்துக்காது."

"எங்கப்பா பேரைப் போட்டுக்க," என்றார் ஷத்லி உடனே. "எங்க மாமனார் பேரைப் போடலாம், நல்ல மனுசன்," என்றாள் பக்கத்து வேலிக்காரி. ஆளாளுக்குத் தங்கள் வீட்டு இறந்தவர்களைக் கொடுக்க முன்வந்தார்கள். அத்தாயாவில் அதைவிடப் பெரிய அன்பு கிடையாது.

நசீஹா தலையை ஆட்டினாள். "உங்கப்பா எங்கண்ணே வரப்போறாரு, அவருக்கு எதுக்கு வாசல்? எழுதும்மா. நசீஹா வழி."

"அண்ணி!" ஃபர்ஹாத் எழுந்துவிட்டான். "என்ன பேச்சு இது? உயிரோட இருக்கிறவ பேரை..."

"கடலுக்கு இந்த வீட்டுலேருந்து ஒரு பேர் வேணும்னா என்னோடதை எடுத்துக்கட்டும். வெளிய இருக்கிறவன் பேரைக் குடுக்க மாட்டேன். அவன் அங்க தண்ணியில நிக்கிறான்டா. நான் கரையில இருக்கேன், எனக்கென்ன?" பிறகு சிரீன் பக்கம் திரும்பினாள். "என் பேரா இருந்தா அவனுக்கும் தெரியும், எந்த வீட்டு வாசல்னு."

சிரீனின் விரல் வெகு நேரம் எழுத்துகளின் மேலேயே நின்றது. ஷத்லியைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் தலையசைத்தார். தட்டினாள். இயந்திரம் ஒரு சின்னச் சத்தம் போட்டு ஏற்றுக்கொண்டது. அதற்கு என்ன தெரியும்.

மறுநாள் சிரீன் படகேறிப் போனாள். நீர் வற்றும் நேரத்தில் நசீஹா மீன் அள்ளப் போனபோது, ஃபர்ஹாத் அவளுக்கு முன்பே வாசலருகே தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். ஆளுயரத்துக்கும் மேலான இரண்டு ஓலைகளை, நுனியில் சிவப்புத் துணி கட்டி, வாசலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக ஊன்றிக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "தூரத்துலேருந்து தெரியணும்ல."

அவள் சிவப்புத் துணிகளை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தண்ணீரில் இறங்கி, ஓர் ஓலையைப் பிடித்து அசைத்தாள்.

"இதை இன்னும் கொஞ்சம் தள்ளி ஊனு," என்றாள். "படகைத் திருப்புறப்ப அவன் எப்பவும் இந்தப் பக்கம்தான் இடிப்பான்."